ஒழுகும் டாங்கி: அடைப்பதா, மாற்றுவதா?

இடவப்பாதி மழை தொடங்கிவிட்டால் நம் பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒருவகை வினா ஆண்டுதோறும் தவறாமல் இடம்பெறுகிறது. ‘தந்தையார் ஓட்டிய புல்லட் வண்டியின் டாங்கியிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது, என் செய்வது?’ என்று கரமனையிலிருந்து அன்பர் ஒருவர் கேட்கிறார். ‘அவர் காலத்து ஜாவா வண்டி ரேழியில் நிற்கிறது, வீடெங்கும் பெட்ரோல் வாடை. விற்கவும் மனமில்லை, வைத்திருக்கவும் அச்சமாக உள்ளது’ என்று வலியசாலையிலிருந்து அம்மையார் ஒருவர் எழுதுகிறார். கேட்ட முறை வேறாயினும் பொருள் ஒன்றே. ஆதலின் இத்திங்கள் நம் பகுதியை இதற்கே ஒதுக்கியுள்ளோம்.

இஃது இரும்பைப் பற்றிய வினா மட்டும் அன்று. திருவனந்தபுரத்தில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், முதன்முதலாக வாங்கிய பெரிய உடைமை மோட்டார் சைக்கிளே ஆகும். சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்தவரும், அலுவலகங்களில் எழுத்தராய் இருந்தவரும், பாட்டனார் ஊருக்கும் இவ்வூருக்கும் அவ்வண்டியிலேயே சென்று வந்தனர். நாகர்கோவிலுக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். பொங்கலுக்கும் திருமணத்துக்கும் முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் மனைவி என்று அமர்த்திக் கொண்டு போன வண்டி அது. அதனைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட எவர்க்கும் கை வராது. அம்மனநிலையை நாம் மதிக்கிறோம். ஆயினும் அம்மனநிலையே சில வீடுகளில் பேராபத்தை வரவேற்று வைத்திருக்கிறது என்பதையும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

முதலில் வண்டியைப் பற்றிச் சில சொற்கள். இங்கிலாந்தில் ரெட்டிச் நகரில் உருவான ராயல் என்ஃபீல்டு புல்லட், நம் இராணுவத்தின் தேவையை ஒட்டி இந்நாட்டில் வேரூன்றியது. 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் அமைந்து, சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. தொடக்கத்தில் அங்கிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினர். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்யலாயினர். பிறந்த நாட்டில் தயாரிப்பு நின்றுபோன பின்னும் திருவொற்றியூரில் புல்லட் தொடர்ந்து பிறந்தது. அதன் டாங்கியில் ஓடும் பொன்னிறக் கோட்டைத் தூரிகை பிடித்துக் கையாலேயே தீட்டுவர் என்பது பலரும் அறிந்த செய்தி. ஜாவா வண்டியோ மைசூரில் 1961 முதல் ஐடியல் ஜாவா நிறுவனத்தால் செய்யப்பட்டது; அதுவே பின்னர் யெஸ்டி என்னும் பெயர் பெற்று, 1996-இல் ஆலை மூடப்படும் வரை வந்து கொண்டிருந்தது. நம் அன்பர் வீடுகளில், கே.எல்.டி. என்னும் பழைய திருவனந்தபுரத்துப் பதிவெழுத்துடன் நிற்பவை பெரும்பாலும் இவ்விரு வகையே.

இனி ஆபத்தைப் பார்ப்போம். பெட்ரோல் நீர்போல் தோன்றினும் எரிவது அந்நீர்மம் அன்று. அதிலிருந்து எழும் ஆவியே எரிகிறது. சுழியத்துக்குக் கீழே 40 பாகை குளிரிலும் தீப்பற்றுமளவு ஆவியை அது வெளியிடும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு முதல் ஏழரைப் பங்கு வரை அவ்வாவி கலந்திருந்தால் ஒரு பொறி போதும். மேலும் அவ்வாவி காற்றினும் மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆதலால் மேலே எழுந்து கலையாமல், தரையோடு தரையாகத் தவழ்ந்து செல்லும். ரேழியில் சொட்டிய பெட்ரோலின் ஆவி, கூடத்தைக் கடந்து அடுக்களையின் கேஸ் அடுப்பையோ பூசையறை விளக்கையோ சென்று தொடக்கூடும். அடுத்தடுத்துச் சுவர் பகிர்ந்து நிற்கும் அக்கிரகாரத் தெரு வீடுகளில் அஃது ஒரு வீட்டோடு நில்லாது. சாலையில் ஓடும்போதோ, டாங்கிக்கு நேர்கீழே சுடும் எஞ்சினும் தீப்பொறி தரும் மின்கம்பியும் உள்ளன. ‘சிறு துளி பெரு வெள்ளம்’ என்பது சேமிப்புக்குப் பொருந்தும். பெட்ரோலுக்கோ சிறு துளி பெருந்தீ என்றே கொள்ளல் வேண்டும்.

ஆதலின் சொட்டு கண்ட அன்றே வண்டியை வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் நிறுத்துக. பெட்ரோலை உலோகக் கலத்தில் வடித்துவிடுக. வடிக்கும்போது அருகில் புகைப்பதும், மின் விசையைத் தட்டுவதும், அடுப்பு மூட்டுவதும் கூடா. இதனை இரவில் செய்தல் வேண்டா.

அடுத்து, கசிவு எங்கிருந்து வருகிறது என்று காணுதல் வேண்டும். டாங்கி ஓட்டை என்று முடிவு கட்டும் பலருக்கு உண்மையில் கெட்டிருப்பது டாங்கி அன்று. பெட்ரோல் காக்கின் வாஷர் நைந்திருக்கலாம். அதனுள் உள்ள தக்கை உலர்ந்திருக்கலாம். ரப்பர்க் குழல் வெடித்திருக்கலாம். கார்புரேட்டரே நிரம்பி வழியலாம். டாங்கியின் வெளிப்புறத்தை நன்கு துடைத்து உலர்த்தி, ஐயமுள்ள இடங்களில் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவுக. சற்று நேரத்தில் ஈரம் படரும் இடமே கசியும் இடம். வாஷரும் குழலும் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். ஈரம் டாங்கியின் அடித்தகட்டிலோ, தகடுகள் கூடும் விளிம்பிலோ, சட்டத்தோடு பூட்டும் காதின் அருகிலோ தோன்றினால்தான் நம் தலைப்பின் வினா எழுகிறது.

டாங்கி ஏன் ஓட்டையாகிறது? பூட்டும் காதின் அருகே எனின், எஞ்சினின் அதிர்ச்சியால் தகடு வெடித்தது எனலாம். அடித்தகட்டில் எனின், காரணம் தண்ணீர். இவ்வூரில் இடவப்பாதியும் துலாவர்ஷமும் ஆக இரண்டு மழைக்காலம், கடற்காற்றும் உண்டு. பாதி நிரம்பிய டாங்கியின் வெற்றிடத்தில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து, உட்சுவரில் பனித்துளியாய்ப் படியும். தண்ணீர் பெட்ரோலினும் கனமாதலால் அடியில் சென்று தங்கும். மோட்டார் சைக்கிளின் டாங்கி சட்டத்தின் இருபுறமும் கால் பரப்பி அமர்ந்திருப்பது. பல வண்டிகளில் காக் ஒருபுறமே உண்டு. ஆகவே மறுபுறத்துப் பள்ளத்தில் தேங்கிய நீர் வெளியேற வழியின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்து தகட்டை உள்ளிருந்து தின்கிறது. வெளியே வண்ணம் பளபளக்கும். உள்ளே துரு வேலை செய்யும். ஊசித்துளை கண்ணுக்குப் புலப்படும் நாளில், அதனைச் சூழ்ந்த தகடு முன்னரே தாள் போல் மெலிந்திருக்கும்.

இக்காலத்தில் வேறொரு காரணமும் சேர்ந்துள்ளது. நம் நாட்டில் பெட்ரோலோடு எத்தனால் கலக்கும் அளவு 2022-இல் நூற்றுக்குப் பத்தை எட்டியது. 2023 முதல் நூற்றுக்கு இருபது கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் அந்நிலை எய்தியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஈரம் மிகுந்தால் எத்தனாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழலையும் தக்கையையும் அது கெடுக்கும். முன்னாளில் பூசிய சில அடைப்புப் பசைகளைக் கரைக்கும். துளைகளைத் தற்செயலாய் அடைத்துக் கொண்டிருந்த பழைய படிவையும் பெயர்த்துவிடும். இதுகாறும் ஒழுகாத வண்டி திடீரென ஒழுகத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகலாம்.

துளையை அடைப்பது வேறு, காரணத்தைக் களைவது வேறு என்பதற்கு நம் நகரோடு தொடர்புடைய சான்று ஒன்று உண்டு. 2013 ஆகஸ்ட் 19 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்படவிருந்த ஜி.எஸ்.எல்.வி. டி-5 என்னும் ஏவுகலம், புறப்பட 74 நிமிடமே இருந்த வேளையில் நிறுத்தப்பட்டது. அதன் இரண்டாம் கட்டத்தில் எரிபொருள் கசிந்தமையே காரணம். தும்பாவில் உள்ள விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் வலியமலையில் உள்ள திரவ உந்துவிசை மையமும் அதன் ஆக்கத்தில் பங்கு கொண்டவை. நம் அன்பர் பலரின் உற்றார் பணியாற்றும் இடங்கள் அவை. கசிந்த இடத்தை ஒட்டிவிட்டு ஏவிவிட அவர்கள் எண்ணவில்லை. தொட்டி செய்த உலோகக் கலவையே நாளடைவில் வெடிப்புக் காணும் இயல்புடையது என்று ஆராய்ந்து கண்டனர்; வேறு கலவையால் ஆகிய தொட்டியுடன் புதிய கட்டத்தைப் பூட்டினர். 2014 ஜனவரி 5 அன்று அக்கலம் வெற்றியுடன் விண்ணேகியது. ஏவுகலத்துக்கும் நம் புல்லட்டுக்கும் ஒப்புமை ஏது எனச் சிலர் நகைக்கலாம். தொட்டி பெரிதாயினும் சிறிதாயினும் கேட்க வேண்டிய வினா ஒன்றே: ‘துளை எங்கே?’ என்பதோடு நில்லாமல், ‘தகடு எப்படி இருக்கிறது?’ என்று கேட்டல் வேண்டும்.

இதனை அறிய, காக்கையும் மூடியையும் கழற்றி, டாங்கியைக் கழுவி உலர்த்திய பின், பகல் வெளிச்சத்தில் உள்ளே நோக்குக. அடித்தகட்டை வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்துக. குத்தூசியின் முனையால் மெல்லத் தட்டுக. தகடு உறுதியாய் இருந்து, துளை ஒன்றிரண்டே எனின் பழுது பார்க்கலாம். விரலுக்கு நெகிழ்ந்தாலோ, ஊசி புகுந்தாலோ, அந்த அடித்தகடு இனி உதவாது.

பழுது பார்க்கும் வழிகளைக் கூறுமுன் ஓர் எச்சரிக்கை. இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இதனை மறவற்க. காலி டாங்கி நிறை டாங்கியினும் கொடியது. நிறை டாங்கியில் ஆவிக்கு இடமில்லை. காலி டாங்கி முழுவதும் ஆவியும் காற்றும் கலந்து வெடிமருந்து போல் காத்திருக்கும். ‘பெட்ரோலைக் கொட்டி இரண்டு நாள் வெயிலில் வைத்தேன், வாடையே இல்லை’ என்பது காவல் ஆகாது. துருவின் அடியிலும் தகட்டு விளிம்பின் இடுக்கிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டவுடன் ஆவியாகி வெளிப்படும். இவ்வாறு வெடித்துப் பட்டறைத் தொழிலாளர் உயிரிழந்த கொடுமை உலகில் எத்தனையோ இடங்களில் நேர்ந்துள்ளது. டாங்கியை வெந்நீரும் சோப்புத்தூளும் இட்டுப் பலமுறை அலசுதல் வேண்டும். பின்னர்ப் பற்றவைக்கும் இடம் மட்டும் மேலே நிற்குமாறு தண்ணீரால் நிரப்புதல் வேண்டும். அன்றேல் ஆர்கான் போன்ற எரியா வாயுவை உள்ளே செலுத்திக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். ஆவி வெளிச்செல்ல வாய் திறந்திருத்தலும் இன்றியமையாதது. பட்டறைக்காரரிடம் ‘உள்ளே எதை நிரப்பிப் பற்றவைப்பீர்?’ என்று கேளுங்கள். ‘அதெல்லாம் வேண்டியதில்லை’ என்று விடை வந்தால் டாங்கியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுங்கள். கூலி மிச்சம் என்பதற்காக இன்னொருவர் உயிரை ஆபத்தில் வைத்தல் அறமன்று. வீட்டு முற்றத்தில் தாமே நெருப்புக் காட்ட முனைவோர்க்கு நாம் கூறும் ஒரே சொல்: வேண்டா.

இனி வழிகள். நடுவழியில் ஊசித்துளை கண்டால், துணி சோப்பை ஈரமாக்கித் துளையில் அழுத்தித் தேய்த்தல் பழைய ஓட்டுநர் அறிந்த உத்தி. சோப்பு பெட்ரோலில் கரையாது. எம்-சீல் போன்ற பசையையும் சிலர் அப்புவர். இவை பட்டறை வரை வந்து சேர மட்டுமே. மாதக்கணக்கில் நம்பத் தக்கன அல்ல.

சிறு துளைக்கும் விளிம்புக் கசிவுக்கும் ஈயப்பற்று ஏற்றது. நம் அன்னையர் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசக் கொடுத்ததை நினைவிற் கொள்க. நவச்சாரம் இட்டுத் தகட்டை வெள்ளி போல் விளக்கிய பின்னரே ஈயம் ஒட்டும். இங்கும் நெறி அதுவே. பற்று நிறைவேறியதும் அமிலப் பிசுக்கைக் கழுவாவிடின் அங்கிருந்தே புதுத்துரு தொடங்கும். வெடிப்புக்கும் பெருந்துளைக்கும் பித்தளைப் பற்றோ ஆர்கான் வெல்டிங்கோ வேண்டும். இவற்றின் கடுஞ்சூட்டில் வண்ணம் கருகும். தகடு சற்று நெளியவும் கூடும்.

உள்ளிருக்கும் துருவை நீக்காமல் செய்யும் பழுது நிலைக்காது. புளியிட்டு விளக்கினால் பித்தளை ஒளிர்வது புளிப்பின் வேலை. அவ்வாறே வினிகரோ பாஸ்பாரிக் அமிலமோ துருவைக் கரைக்கும். சிறு நட்டுகளை உள்ளே இட்டுக் குலுக்கினால் பொருக்கு பெயரும். எண்ணி எடுத்தல் மறவற்க! அமிலத்தைக் கொட்டியவுடன் சமையல் சோடா கரைத்த நீரால் அலசி, உடனே உலர்த்துதல் வேண்டும். காலம் தாழ்த்தினால் ஒரு மணி நேரத்திலேயே செந்துரு மீண்டும் படரும். அதன் பின் எப்பாக்ஸிப் பூச்சை உள்ளே ஓட்டிப் பூசுவோரும் உளர். எத்தனாலைத் தாங்கும் வகையா என்று கேட்டே வாங்குக. துரு நீங்காத தகட்டில் பூசினால் அது தோலாக உரிந்து கார்புரேட்டரை அடைக்கும். பூசிய இடத்தில் பின்னர்ப் பற்றவைத்தலும் கடினம்.

தகடே கெட்டுவிட்டால் மாற்றுவதே முறை. புல்லட்டுக்கும் ஜாவாவுக்கும் புதிதாய்ச் செய்த டாங்கிகள் கடைகளில் கிடைக்கின்றன. வாங்குமுன் பூட்டும் துளைகளும், காக்கின் மரையும், மூடியின் வாயும், சட்டத்தின்மேல் அமரும் பள்ளமும் பழையதோடு பொருந்துகின்றனவா என்று அளந்து காண்க. தகட்டின் கனத்தையும் நோக்குக. புதியதாயினும் பழுது பார்த்ததாயினும், வண்ணம் தீட்டுமுன் மண்ணெண்ணெய் நிரப்பி, செய்தித்தாளின்மேல் ஓரிரவு வைத்துக் கசிவைச் சோதித்தல் நலம். காற்றழுத்திச் சோதிப்பதாயின் வாயால் ஊதும் அளவே போதும். கம்ப்ரஸர் காற்று டாங்கியை உப்பச் செய்துவிடும்.

ஆயின் அடைப்பது, மாற்றுவது என்னும் இரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்று உண்டு. அதனையே நாம் கரமனை அன்பருக்கும் வலியசாலை அம்மையாருக்கும் முதலில் பரிந்துரைக்கிறோம். துரு தின்பது பெரும்பாலும் அடித்தகட்டையே. மேற்கூடு, அதன் வளைவு, முத்திரை, பொற்கோடு ஆகியன நலமாகவே இருக்கும். தேர்ந்த டிங்கர் வேலைக்காரர் கெட்ட அடித்தகட்டை மட்டும் வெட்டி நீக்கி, அதே கனத்தில் புதுத் தகட்டை வளைத்துப் பற்றவைத்துத் தருவர். கூலி சற்று மிகும், நாளும் ஆகும். ஆனால் தந்தையார் கைபட்ட டாங்கி தந்தையார் டாங்கியாகவே நிலைக்கும். பெட்ரோலைத் தாங்குவது மட்டும் புது இரும்பாக இருக்கும். கூடும் கெட்டிருந்தாலோ, விபத்தில் நசுங்கியிருந்தாலோ, புதியதை வண்டியில் பூட்டிவிட்டு, பழையதை நன்கு கழுவி, பெட்ரோல் வாடை அற்ற வெறுங்கூடாய் நினைவுப் பொருளாக வைத்துக் கொள்ளலாம்.

சட்டம் பற்றிச் சிலர் வினவியுள்ளனர். பதிவுச் சான்றில் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணுமே குறிக்கப்படும். டாங்கிக்குத் தனி எண் இல்லை. ஆனால் வண்ணம் குறிக்கப்படுவதால், சான்றில் உள்ள நிறத்தையே தீட்டுக. 2021-இல் மைய அரசு வெளியிட்ட விதிப்படி, முதற்பதிவாகி 50 ஆண்டு கடந்து மூல வடிவம் மாறாதிருக்கும் வண்டிகளைத் தொன்மை வண்டி எனப் பதியலாம். பதிவெண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். பதிவு 10 ஆண்டு செல்லும். ஆயினும் அவ்வாறு பதிந்த வண்டியை நாள்தோறும் கடைக்கும் அலுவலகத்துக்கும் ஓட்டுதல் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு போன்றவற்றுக்கே இசைவு உண்டு. ஓட்டி மகிழ விரும்புவோர் இதனை எண்ணியே முடிவு செய்க.

இறுதியாகக் காக்கும் முறை. ஓடும் வண்டியாயின் மழைக்காலத்தில் டாங்கியைப் பெரும்பாலும் நிறைத்தே வையுங்கள்; காற்றுக்கு இடமில்லையேல் ஈரத்துக்கும் இடமில்லை. அதனை வெளிக்கொட்டகையில் நிறுத்துங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியாயின் பெட்ரோலை முற்றும் வடித்து, உலர்த்தி, உட்புறமெங்கும் எஞ்சின் எண்ணெய் படியச் சுழற்றி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை டாங்கியைக் கழற்றி, இருபுறத்துப் பள்ளத்திலும் தேங்கிய நீரைக் கவிழ்த்துவிடுங்கள். அரைநாள் வேலை அது. பிள்ளைகளையும் உடன் வைத்துச் செய்யின் பாட்டனார் வண்டியின் கதையும் அவர்க்குத் தெரியும், அதன் ஆபத்தும் தெரியும்.

பெட்ரோல் வாடை வீசும் வண்டி எந்த அன்பர் வீட்டு ரேழியில் நின்றாலும், இவ்விதழைப் படித்து முடித்தவுடன் அதனை வெளியே உருட்டி நிறுத்துக. அடைப்பதா மாற்றுவதா என்பதைப் பிறகு ஆற அமர முடிவு செய்யலாம்.